பக்கத் தலையணை

"தூங்குதா சிஸ்டர். இப்பத்தான் கண்ணு அசந்தா. கொஞ்சம் உக்காருங்க" என்று காளீஸ்வரியின் மாமியார் சண்முகத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியை நடுவீட்டில் இழுத்துப் போட்டபோது மணி ஒன்றே முக்கால். சரி, எழுப்ப வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்துப் பதினொரு நாள் ஆன ஒருத்தி பட்டப்பகலில் தூங்குகிறாள் என்றால் அந்தத் தூக்கத்தைக் கலைக்க எந்தப் படிவத்துக்கும் அதிகாரம் கிடையாது. நல்ல வார்த்தைதான், கேட்கிறவர்கள் இந்த நர்ஸம்மாவுக்கு என்ன மனசு என்று சொல்வார்கள். உண்மை என்னவென்றால் அவள் தூங்குகிறாள் என்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பரீட்சை அன்றைக்கு மழைக்கு லீவு விட்டால் இருக்குமே, அந்த மாதிரி. மடியில் சிசு மரண விசாரணைப் படிவம், ஆறு பக்கம். இறந்த குழந்தையின் பெயர் என்ற இடத்தில் பாப்பா என்று எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இன்னும் பெயர் வைக்கவில்லை, ஐம்பத்து நான்கு நாள். தாய் காளீஸ்வரி, வயது இருபத்தொன்று, தீப்பெட்டி ஆபீசில் வேலை. தகப்பன் அய்யாத்துரை, லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எடை, தடுப்பூசி, தாய்ப்பால், எல்லாம் என் கையால் எழுதின அட்டையிலேயே இருப்பதால் முதல் இரண்டு பக்கத்தை நேற்றே நிரப்பிவிட்டேன். மூன்றாம் பக்கம் தூக்கம். குழந்தை எங்கே படுத்திருந்தது, மல்லாக்கவா குப்புறவா, பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள், தலையணை அல்லது மெத்தென்ற பொருள் ஏதாவது அருகில் இருந்ததா. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் பேனா பிடிக்கிறேன், இவ்வளவு சின்னக் கட்டத்தைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை. மின்விசிறி தலைக்கு மேல் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்கிறது. சண்முகத்தாய் அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று வாங்கின பூண்டாக இருக்கும், தூரப் போட மனசில்லாமல் உரிக்கிறாள் போல.

இந்தப் பக்கத்து ஆறு ஊர்களிலும் ஜெபமலர் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தலகாணி சிஸ்டர் என்று கேட்டால் தெரியும். வந்த புதிதில் ஒரு வீட்டில் இருபது நாள் பிள்ளைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு அடைத்த தலையணையில் கிடத்தியிருந்தார்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, பையிலிருந்த பிளேடை எடுத்து அதைக் கிழித்தேன். வீடு முழுக்கக் கடுகு ஓடியது. அந்த வீட்டுக்காரி ஒரு மாதம் தாளிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினாளாம். அன்றிலிருந்து நான் தெருமுனையில் திரும்பினாலே "தலகாணி சிஸ்டர் வாராக, எடுத்து ஒளி" என்று குரல் கேட்கும். எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை. தலை தட்டையாக இருந்தால் வளர வளரச் சரியாகிவிடும், மூச்சு நின்றால் திரும்ப வராது. ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம், மல்லாக்கப் போடு, அழுத்தமான விரிப்பு போதும், பக்கத்தில் அணை கட்டாதே, பஞ்சு, போர்வை, பொம்மை எதுவும் முகத்துக்கிட்டே கிடக்கக் கூடாது. உனக்குத் தலையணை வேண்டுமா, உன் முதுகுக்கு வை, பால் கொடுக்கும்போது உன் கைக்கு முட்டுக்கொடு, கொடுத்து முடித்ததும் எடுத்து அந்தப் பக்கம் வீசு. கண் சொருகுதா, பிள்ளையைத் தனியாகக் கிடத்திவிட்டு அப்புறம் தூங்கு. இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நீ தூக்கத்தில் உளறினால்கூட இதைத்தான் உளறுவாய் என்று என் மகள் பெனிட்டா கேலி செய்வாள். அப்படிப்பட்டவள் இந்த வீட்டிலும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்பது வருகிறது. சொன்னேன் என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

காளீஸ்வரிக்கு அம்மா இல்லை, அவள் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் ஒருத்தன், திருப்பூரில், வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பான். அதனால் தலைப்பிரசவத்துக்குக்கூட இங்கேயே கிடந்தாள். பிள்ளைக்குத் தாய்வீட்டிலிருந்து மெத்தை, தலையணை, தொட்டில் சேலை, அரைஞாண் என்று ஒன்றும் வரவில்லை. சண்முகத்தாய் நல்ல பொம்பளைதான், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நாக்கு சும்மா இருக்காது. முப்பதாம் நாள் எடை பார்க்க வந்தபோது என் காது கேட்கவே சொன்னாள், "எங்க வீட்டுப் பிள்ளை கந்தச் சேலையில கிடக்கு சிஸ்டர், கேக்க நாதி இல்ல." அந்தக் கந்தச் சேலை பாயின் மேல் மடிப்பில்லாமல் விரித்து, அதன் மேல் பிள்ளை மல்லாந்து, சுற்றிலும் ஒரு பொருளும் இல்லாமல், நான் ஊர் ஊராகக் கத்துவது எப்படியோ அப்படியே அச்சாகக் கிடந்தது. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். இதுதாம்மா சரி, இதைவிட உசந்த மெத்தை கிடையாது என்று ஒரு வார்த்தை. ஆனால் நான் பிள்ளையைப் பார்க்கவில்லை, காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். கீழே குனிந்து, ஒரு கையால் நைட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டு. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். நாதி இல்லையா, நான் இருக்கிறேன், வருகிற வாரம் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். போய்ப் பரணில் ஏறினேன்.

பரண். போன வருஷம் பெனிட்டாவுக்குப் பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பேபி பெட் கொண்டுவந்தார்கள், ஏழு செட். எல்லாம் ஒரே அச்சு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, கொசுவலை மூடியோடு ஒரு மெத்தை, நடுவில் பள்ளம் விட்ட தலையணை, இரண்டு பக்கமும் அணைகொடுக்க உருட்டுத் தலையணை இரண்டு. ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று நான்தான் சத்தம் போட்டேன். மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவருடைய பெரியம்மா கொடுத்ததாம். யார் கொடுத்தால் என்ன, என் பேத்தி மூச்சுவிட வேண்டும் என்றேன். ஏழையும் கட்டி என் வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் போட்டேன். அதில் ஒன்றைத்தான் எடுத்தேன், மஞ்சள் நிறம், முயல் படம் போட்டது, பிரிக்காதது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், சத்தியமாக யோசித்தேன், தலையணை மூன்றையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு மெத்தையும் வலையும் மட்டும் கொடுக்கலாம் என்று. ஜிப்பைத் திறக்கக்கூடத் திறந்தேன். எடுத்ததும் பை தொளதொளவென்று தொங்கியது. பாதி சீர் மாதிரி இருந்தது. சண்முகத்தாயின் கண் அதைத்தான் முதலில் பார்க்கும், காளீஸ்வரிக்கு அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தால் இப்படிக் குறைச்சலாக வந்திருக்குமா என்று. திரும்பத் திணித்து ஜிப்பை மூடினேன். கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம், இது சும்மா பார்வைக்கு, பிள்ளை படுக்கும்போது எடுத்துத் தூர வை என்று. அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததற்கு நானே சாட்சி.

கொடுத்த அன்றைக்கு இந்த வீடு எப்படி இருந்தது. சண்முகத்தாய் பையை வாங்கித் தூக்கிப் பார்த்து, "எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்" என்று வாய் நிறையச் சொன்னாள். காளீஸ்வரி பையை வாங்கின கையோடு கீழே உட்கார்ந்து பிரித்தாள், மெத்தையைத் தட்டிப் போட்டாள், தலைமாட்டில் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பிள்ளையை நடுவில் வைத்து வலையை இழுத்து மூடினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்து, ராணி மாதிரில்லா கெடக்கு என்றாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குச் சேமியாப் பாயசம் கொடுத்தார்கள், முந்திரி போட்டு. டம்ளர் சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்துக் குடித்தேன். போன் வந்தது, ஆபீசிலிருந்து, போலியோ சொட்டு மருந்து லிஸ்ட் இன்னும் வரவில்லை என்று. வீட்டுக்குள் டவர் கிடைக்காமல் வாசலுக்குப் போனேன், வாசலிலும் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்குப் போனேன், பேசி முடிக்க மினிபஸ் ஹாரன் அடித்துவிட்டது, ஓடிவந்து பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இதில் எங்கே சொன்னேன். பாயசத்துக்கு முன்னாலா, பையை எடுக்க வந்தபோதா. கண்ணை மூடினால் நான் சொல்வது நன்றாகத் தெரிகிறது, விரலை ஆட்டி, தலையணையைத் தட்டிக் காட்டி, இதை எடுத்துரு என்ன என்று. ஆனால் எதிரே நிற்கிறவள் பச்சை நைட்டி போட்டிருக்கிறாள், சுவரில் நீலப் பெயிண்ட். இந்த வீட்டில் நீலச் சுவர் இல்லை. அது வேறு வீடு, வேறு பெண். அதை விரட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடுகிறேன், காளீஸ்வரி வருகிறாள், என் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆயிரம் வீட்டில் சொன்னது இந்த ஒரு வீட்டில் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தலகாணி சிஸ்டர் சொல்லாமல் இருந்திருப்பாகளா என்று. என்னைத் தவிர எல்லாரும் எனக்காகச் சத்தியம் செய்வார்கள்.

பதினொரு நாளைக்கு முன்னால் காலையில் நான் வந்தபோது எட்டரை இருக்கும். அதற்குள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பால் புரை ஏறியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம், அறுக்க வேண்டாம் என்று இவர்கள் காலில் விழுந்தார்களாம். அதிகாலை ஐந்து மணிக்குப் பால் கொடுத்துக் கிடத்தினாள், பக்கத்திலேயே பாயில் சாய்ந்தாள், கண் அசந்துவிட்டாள், ஆறரைக்கு எழுந்து தொட்டால் சில்லென்று இருந்தது. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அதற்குள் வீட்டில் ஒரு வார்த்தை முளைத்துவிட்டது. புரண்டு படுத்துப் பிள்ளையை அமுக்கிவிட்டாள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது, சொல்லக்கூட இல்லை, அவள் பக்கம் ஒருத்தரும் உட்காராமல் இருந்ததிலேயே தெரிந்தது. நான் உள் அறைக்குப் போனேன். வலை மூடி ஒதுங்கிக் கிடந்தது. உருட்டுத் தலையணையில் ஒன்று சுவரோரம் இருந்தது, இன்னொன்று மெத்தையின் குறுக்கே இழுபட்டுக் கிடந்தது. அதில் முயலின் காதுக்குக் கீழே ஈரம், சின்ன வட்டம், லேசாகப் பால் வாடை. நான் பார்த்தேன். பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை தலை திரும்பி இருக்கிறது, மூக்கும் வாயும் பஞ்சில் புதைந்திருக்கிறது, திருப்பிக்கொள்ளக் கழுத்தில் பலமில்லை, ஐம்பத்து நான்கு நாளில் எங்கே பலம். இத்தனையும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன். தலையணையை எடுத்து உதறினேன். மூன்றையும் பையில் திணித்தேன், மெத்தையை மடித்து வைத்தேன், ஜிப்பை இழுத்தேன், நடுவீட்டுப் பீரோ மேல் தூக்கிப் போட்டேன். துக்க வீட்டில் யாராவது ஒதுங்க வைக்கத்தானே வேண்டும். அப்படித்தான் பார்த்தவர்களும் நினைத்தார்கள். சிஸ்டர் பாவம், தன் வீடு மாதிரி வேலை பார்க்காக என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நாலு தடவை வந்திருக்கிறேன், காளீஸ்வரி தலையைத் தடவியிருக்கிறேன், உன் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். யார் மேல் தப்பு என்று சொல்லவில்லை.

"எழுதி என்ன ஆவப்போவுது சிஸ்டர்" என்றாள் சண்முகத்தாய், பூண்டிலிருந்து தலை தூக்காமல். மேலே அதிகாரிகளுக்குப் போகும், இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகாமல் பார்ப்பார்கள் என்றேன். "இன்னொரு பிள்ளையா" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று, "ஞாயித்துக்கெழம அவ அண்ணன் வாரான். கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லிட்டோம். அய்யாத்துரை வீட்டுக்குள்ளயே வரமாட்டேங்கான், ஆட்டோவுலயே படுத்துக்கிடுதான். அவள பாக்க முடியலைங்கான். நான் என்ன சிஸ்டர் செய்யட்டும். நானும் மூணு பெத்தவதான். எத்தன அசதியா இருந்தாலும் பிள்ளை பக்கத்துல கிடந்தா உடம்பு தானா முழிச்சிக்கிடாதா?" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது, பூண்டுக் கையால் துடைத்துக்கொண்டாள், அது எரிந்திருக்கும். கொடுமைக்காரி என்று அவளைச் சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போகும். அவள் கொடுமைக்காரி இல்லை. ஒரு காரணம் வேண்டும், கையில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டாள். திருப்பூரில் அந்த அண்ணன் பொண்டாட்டி ஒற்றை அறையில் இவளை வைத்துக்கொள்வாளா, எத்தனை நாளைக்கு. பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரோடு இருபத்தொரு வயதில் ஒருத்தி எங்கே போய் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வியாழன். நான் பேச்சை மாற்ற மேலே பார்த்தேன், பீரோ மேல் பார்த்தேன், அங்கே பை இல்லை.

இருந்த இடம் காலியாகக் கிடந்தது. யார் எடுத்தார்கள், எப்போது, பிரித்துப் பார்த்தார்களா, ஈரம் காய்ந்து கறையாகியிருக்குமே, யாராவது கறையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருப்பார்களா. எரித்திருப்பார்கள், செத்த பிள்ளையின் சாமானை யாரும் வீட்டில் வைப்பதில்லை, எரித்திருந்தால் நல்லது. நல்லது என்று நினைத்த உடனே என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. "மேல ஒரு பை இருந்துச்சுல்லா" என்று கேட்டேன், குரல் சாதாரணமாக வர வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு. "அத ஏன் கேக்கிய. முந்தாநாள் ஏறி எடுத்துட்டா. அந்தத் தலகாணியத்தான் கட்டிக்கிட்டே கெடக்கா. பிடுங்கப் போனா கத்துதா" என்று சண்முகத்தாய் உள் அறையைத் தாடையால் காட்டினாள். நான் நாற்காலியிலிருந்து கொஞ்சம் சாய்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைக்கு ஒன்றும் இல்லை, முழங்கை மடக்கி அதன் மேல் கன்னம். இன்னொரு கைக்குள் மஞ்சள் உருட்டுத் தலையணை. மார்போடு சேர்த்து, முகத்தை அதில் பதித்து. நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால் இன்னும் நிற்கவில்லை. நிற்க மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தேன், அவள் போடவில்லை போலிருக்கிறது. அவள் மூக்கும் வாயும் அந்தப் பஞ்சில் முழுசாகப் புதைந்திருந்தது, முதுகு ஏறி ஏறி இறங்கியது. பெரிய உயிருக்கு ஒன்றும் ஆகாது, மூச்சு முட்டினால் தானாகத் திருப்பிக்கொள்ளும். எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று கால் பரபரத்தது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் இன்றைக்குத்தான் காலில் வருகிறது.

பெனிட்டா பிறந்தபோது நானும் தூங்கினேன். பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்து, பால் கொடுத்தபடியே உட்கார்ந்த வாக்கில் தூங்கி, விழித்துப் பார்த்தால் பிள்ளை மடியிலிருந்து சரிந்து தலையணைக்கும் தொடைக்கும் நடுவில் கிடக்கும், ஒரு தரம் இல்லை, பல தரம். என் மாமியார் தைத்த கடுகுத் தலையணையில்தான் அவளும் கிடந்தாள், நர்ஸ் படித்த நான் வாயைத் திறக்கவில்லை, மாமியாரிடம் அப்போது யார் பேசுவது. அவள் பிழைத்தாள். இன்றைக்குச் சென்னையில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்கிறாள். இது மூச்சுவிட்டது, அது விடவில்லை, இதில் என் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது. தூங்காதே என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் அவள் தூங்கினாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதபடி படுக்கையை வை என்று சொல்கிறோம். அந்தப் படுக்கையைக் கெடுத்தது அவள் தூக்கமா. சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறது. இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. படிவம் கோப்புக்குள் போகும், காளீஸ்வரி திருப்பூருக்குப் போவாள், நான் பென்ஷனுக்குப் போவேன். பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, எத்தனை தடவை என்று தெரியவில்லை, சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று மணி வாக்கில் காளீஸ்வரியே எழுந்து வந்தாள். தலையணை கையில்தான். என்னைப் பார்த்ததும், "வந்து ரொம்ப நேரமாச்சா சிஸ்டர், எழுப்பியிருக்கலாம்ல" என்றாள். அந்த நிலைமையிலும். கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் ஆபீஸ் குரலில் கேட்க ஆரம்பித்தேன், வேறு குரல் எனக்கு அப்போது கிடைக்கவில்லை. எத்தனை மணிக்குப் பால் கொடுத்தாய், எப்படிக் கிடத்தினாய். ஐந்து மணிக்கு, மல்லாக்க. பக்கத்தில் யார் படுத்திருந்தது. "நான்தான்" என்றாள். சண்முகத்தாய் உடனே, "அதான் சிஸ்டர், அதைத்தான் எழுதணும்" என்றாள். தலையணை ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். காளீஸ்வரி கையிலிருந்த தலையணையைப் பார்த்தபடி சொன்னாள். "வச்சிருந்தேன் சிஸ்டர். ரெண்டு பக்கமும். நீங்க வேண்டாம்னுதான் சொன்னீக. நான்தான் கேக்கல. அழகா இருந்துச்சேன்னு வச்சிட்டேன்." எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். சொன்னேன், சொல்லித்தான் இருக்கிறேன், அவள் வாயாலேயே வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் முகத்தைத் தேடினேன். உண்மைதானா, இல்லை வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி இதையும் கொடுக்கிறாளா. அவள் நிமிரவே இல்லை. எனக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதற்குள் சண்முகத்தாய் பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "அவ்வளவு சொன்ன பொறவுமா வச்ச? கேட்டியளா சிஸ்டர் இவ சங்கதிய. எழுதிக்கிடுங்க. அவ அண்ணன் வரட்டும், இதையும் சொல்லுதேன்."

"நான் சொல்லல" என்றேன். சத்தம் அதிகமாக வந்துவிட்டது. "சொன்னீக சிஸ்டர்" என்றாள் காளீஸ்வரி. "சொல்லல காளீஸ்வரி. பையக் கொடுத்துட்டுப் பாயசம் குடிச்சிட்டுப் போன் வந்துச்சுன்னு போயிட்டேன். பிள்ளை மூஞ்சி அந்தப் பக்கத் தலகாணியில பொதஞ்சிருக்கு. அதுலதான் மூச்சு நின்னிருக்கு. நீ அமுக்கல. உன் கைக்கும் உன் தூக்கத்துக்கும் இதுல ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் காலையிலயே நான் பாத்தேன், ஈரம் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் எடுத்து மேல வச்சேன்." சொன்னேனா சொல்லவில்லையா என்பது இப்போதும் எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்றால்தான் அவள் இந்த வீட்டில் இருக்க முடியும் என்பது தெரிந்தது, அது போதும் என்று வாய் முந்திக்கொண்டது. மின்விசிறி டக் டக்கென்றது. காளீஸ்வரி மெல்லத் தலை தூக்கினாள். "உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்? குடுக்கும்போதே தெரியுமா, இது பிள்ளைக்கு ஆகாதுன்னு?" தெரியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடியும் பீரோ மேல் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். "என் மக பிள்ளைக்கு ஆகாதுன்னு பரண்ல போட்டு வச்சிருந்தேன். அதத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தாள், முதல் தரம் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல. "பதினோரு நாளா நான் கொன்னுட்டேன்னு கெடக்கேன்" என்றாள். "நீங்க வந்து வந்து என் தலையத் தடவுனீக." சண்முகத்தாய் கையை ஊன்றி எழுந்தாள். என்னை அடிக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் தோளில் கையைப் போட்டாள். "எந்திரி" என்றாள். "எந்திரி தாயி, உள்ள வா. இவுக போகட்டும்." காளீஸ்வரி அவள் மேல் சாய்ந்துகொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்திக்கொண்டது, அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, இரண்டு குரலில். நான் ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். யார் கொடுத்தது என்று கேட்கக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாற்காலியை எடுத்துச் சுவரோரமாக வைத்தேன். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லியிருந்தாலும் வாங்க என்று சொல்ல அந்த வீட்டில் எனக்கு இனி ஆள் இல்லை.